நூறாவது தீவும் இரண்டாவது ரிசீவரும்

1982ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் நாள், இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குப் பெரம்பலூரில் ராசாங்கத்தின் வீட்டுக்குள் இரண்டாவது ரிசீவர் ஒன்று நுழைந்தது. பசிபிக் பெருங்கடலின் ஆளில்லாத பவளத்தீவு ஒன்றில் கூடாரம் அடித்திருந்த அயல்நாட்டார் இருவர், அன்று மாலை ஐந்து மணிக்குத் தங்கள் வானொலி நிலையத்தை மூடிவிட்டுக் கப்பலேறுவதாக இருந்தனர். எஞ்சியிருந்தது ஒரு மணி இருபது நிமிடம்.

"எங்கக்கா வெக்கிறது? தோள்பட்டையே கழண்டுபோச்சு" என்றான் அரியமுத்து. அவன் ராசாங்கத்தின் மனைவி சம்பூர்ணத்தின் தம்பி. அரியலூர் ரயில் நிலையத்தில் வேலை. மாமனைப் போலவே, வீட்டிலிருந்தபடி உலகத்தாரோடு பேசும் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன். பழைய போர்வையில் சுற்றிய, இராணுவம் கழித்துப்போட்ட அந்த இரும்புப் பெட்டியை அவன் அரியலூரிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"கண்டக்டர் கேக்குறான்க்கா, உள்ள இருக்கறது ஆடான்னு. ஆடு இவ்ளோ நேரம் கத்தாம வருமான்னு நான் கேட்டேன். செத்த ஆடுன்னா எறக்கி விட்டுருவேங்கிறான்."

"கதையெல்லாம் அப்புறம். மேசையில வை."

ராசாங்கம் நெற்றியைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். "எதுக்குடா இவ்ளோ சிரமம்? இந்தத் தீவு போனா அடுத்த வருஷம் வேற தீவு வராமலா போயிடும்?"

"அடுத்த வருஷமா?" என்றாள் சம்பூர்ணம்.

அந்த ஒரு சொல்லுக்குள் ஆறு ஆண்டுகள் இருந்தன. வீட்டில் சன்னலுள்ள அறை ஒன்றே ஒன்று. அதை ராசாங்கத்தின் கருவிகள் நிறைத்திருந்தன. சம்பூர்ணத்தின் தையல் எந்திரம் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு நடையில் கிடந்தது; அதன்மேல் பகலில் பூனையும் மழைக்காலத்தில் விறகும் தங்கின. 1976இல் மாரியம்மன் கோயிலில், எரியும் கற்பூரத்தின் முன்னால், ராசாங்கம் கையடித்துச் சத்தியம் செய்திருந்தார்: நூறு நாடுகளோடு பேசி முடித்ததும் அறையைக் காலிசெய்து தருவதாக. தொண்ணூற்றொன்பது நாடுகள் மளமளவென்று முடிந்தன. அதன்பிறகு இரண்டாண்டுகளாக எண்ணிக்கை நகரவில்லை. ஒருமுறை மின்னழுத்தம் குறைந்தது. ஒருமுறை ஏரியல் அறுந்தது. ஒருமுறை அவருக்கே தொண்டை கட்டியது.

நூறாவதாக வாய்த்தது, வானொலிக்காரர் கணக்கில் தனி நாடாகவே எண்ணப்படும் இந்தத் தீவு. ஆனால் தீவுக்காரர் பேசும் இடம் ஒன்று, காது கொடுக்கும் இடம் வேறொன்று. அலைவரிசையில் சற்று மேலே, உலகமே கூடிக் கூச்சலிடும் ஓர் அகலமான பரப்பில் அவர் எங்கோ ஒரு புள்ளியில் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே ரிசீவர் வைத்திருப்பவனுக்கு அந்தப் புள்ளி தெரியாது. ஒன்றில் தீவையும் மற்றொன்றில் கூட்டத்தையும் கேட்பவனுக்கே தெரியும்.

"ரெண்டாவது ரிசீவர் இருந்தா அஞ்சு நிமிஷ வேலைக்கா" என்று அரியமுத்து கடிதம் எழுதியிருந்தான். சம்பூர்ணம் அதை எழுத்துக்கூட்டாமல் இரண்டு முறை படித்து, உடனே புறப்பட்டு வரும்படி பதில் போட்டிருந்தாள்.

பெட்டியில் ஒலிபெருக்கி இல்லை. காதில் மாட்டுவதற்கு வீட்டில் ஒரு ஹெட்போன் இருந்தது. அன்று அதைக் காணவில்லை.

"நேத்து இங்கதான் வெச்சேன்" என்றார் ராசாங்கம், கூரையைப் பார்த்தபடி. "சரி, கொடுத்து வெச்சது அவ்வளவுதான்."

சம்பூர்ணம் அடுத்த வீட்டு மைக்செட்காரர் செல்லப்பனின் ஆம்ப்ளிபயரோடு திரும்பி வந்தாள். செல்லப்பன் ஒயரைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவந்தார்.

"தங்கச்சி, இது மஞ்சத்தண்ணி விழாவுக்குக் கட்டுன செட்டும்மா! இன்னும் ஹார்னைக் கழட்டலை!"

"அஞ்சு மணிக்குக் கழட்டிக்கலாம்ண்ணே. ஒயரை உள்ள விடுங்க."

தெருமுனை வேப்பமரத்தில் கட்டியிருந்த இரண்டு ஹார்ன்களிலிருந்தும் மறுகணம் இத்தாலியரும் ஜப்பானியரும் இன்னும் இன்னார் என்று பிரித்தறிய முடியாத நூறு பேரும் ஒரே குரலில் கத்தினர். மரத்திலிருந்த காக்கைகள் குன்னம் சாலைப் பக்கமாகப் பறந்தன.

"ஏன் சம்பூர்ணம், ஒங்க வூட்டுல என்ன, வான்கோழிச் சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் சன்னலில் முகத்தைப் பதித்தாள். அவளுக்குப் பின்னால் தெரு திரண்டது.

"சத்தம் போடாதீங்க. அவரு தீவுக்குப் பேசப்போறாரு."

"தீவுல யாரு? ஒறம்பொறையா?"

ராசாங்கம் ஒலிபரப்பியை அழுத்தித் தம் அழைப்புக்குறியைச் சொன்னார். எழவு வீட்டில் விலாசம் விசாரிப்பவரின் குரல் அது. அந்தக் குரலும் இரண்டாவது ரிசீவருக்குள் புகுந்து, ஹார்ன் வழியாகத் திரும்பி, மைக்குக்குள் விழுந்து, ஒரே ஊளையாயிற்று. தெருவில் ஒரு குழந்தை அழுதது.

"இதுக்குத்தான் சொன்னேன், ரெண்டாவது ரிசீவரெல்லாம் நமக்கு ஒத்துவராதுன்னு" என்று அவர் எழுந்தார்.

"உக்காருங்க. நீங்க பேசறப்ப நான் ஆம்ப்ளிபயரை அடைக்கிறேன். நிறுத்துனதும் தெறக்கிறேன்."

இரண்டு முறை அடைத்தாள், திறந்தாள். மூன்றாம் முறை வீடே இருண்டது. நான்கு மணி இருபத்தைந்து நிமிடம். ஆம்ப்ளிபயரின் பாரம் தாங்காமல் பியூஸ் போயிருந்தது. எப்போதும் மீட்டர் பெட்டியின்மேல் சுருட்டி வைத்திருக்கும் பியூஸ் கம்பி அன்று அங்கே இல்லை.

"கடை சாத்தியிருப்பான்" என்று ராசாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

சம்பூர்ணம் செல்லப்பனின் ஒயர் முனையிலிருந்து பல்லால் ஓர் இழையை உருவினாள். செல்லப்பன் "ஐயோ" என்றார். விளக்கு எரிந்தது. வால்வுகள் சூடேறப் பத்து நிமிடம் போயிற்று. அந்தப் பத்து நிமிடமும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அரியமுத்து அக்காளைப் பார்த்தான். ராசாங்கம் யாரையும் பார்க்கவில்லை.

நான்கு மணி முப்பத்தெட்டு. தீவுக்காரரின் குரல் முதல் ரிசீவரில் தெளிவாக ஒலித்தது. இருபத்திரண்டு நிமிடத்தில் கப்பல். ராசாங்கம் கூப்பிட்டார், பதில் வேறு யாருக்கோ போயிற்று. மறுபடி கூப்பிட்டார், பதில் வேறு யாருக்கோ போயிற்று.

சம்பூர்ணத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பத்து ஆண்டு சட்டை தைத்தவளுக்கு அளவு தெரியும். தீவுக்காரர் யாருக்குப் பதில் சொன்னாரோ, அந்தக் குரலை அவள் ஹார்ன் கூச்சலுக்குள் தேடிப் பிடித்தாள். அது கிடைத்த இடத்தில் டயல் கண்ணாடிமேல் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். அடுத்தது ஒரு கரகரத்த குரல், அதற்கொரு கோடு. பிறகு ஒரு பெண்குரல், மூன்றாம் கோடு.

கோடுகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்த்தாள். பொத்தான் காஜாக்களுக்கு இடையில் விடும் இடைவெளியைப் போல மூன்றும் ஒரே அளவில் மேலேறிச் சென்றன.

"அரியமுத்து, இந்த ஆளு ஒவ்வொருத்தருக்கும் ஒரு விரக்கடை மேல போறான்டா. வரிசையா ரேஷன் கார்டு கூப்புடுற மாதிரி."

அரியமுத்து குனிந்து பார்த்தான். "அக்கா! மாமாவுக்குக்கூட இது தோணலையேக்கா!"

"தோணலையா?" என்றாள் அவள், கணவரைத் திரும்பிப் பார்த்து.

அவர் அவசரமாக இருமினார். "தொண்டை என்னமோ கட்டிக்கிட்டு..."

பஞ்சவர்ணம் சன்னல் வழியாகவே பனங்கற்கண்டை நீட்டினாள். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நான்காம் கோட்டைச் சம்பூர்ணம் முன்கூட்டியே போட்டு, இரண்டாவது ரிசீவரின் முள்ளை அங்கே நிறுத்தினாள். ஒலிபரப்பியை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவர அரியமுத்து அதை அழுத்திப் பிடித்துத் திருகினான். சரியான இடம் வந்ததும் ஹார்ன்கள் வேப்பிலை உதிரும்படி அலறின. "அங்கதான்! நிறுத்து!" என்றாள். மணி நான்கு ஐம்பத்தாறு.

"இப்பப் பேசுங்க."

ராசாங்கம் மைக்கைக் கையில் எடுத்தார். சன்னலில் பதினாறு முகங்கள். சம்பூர்ணத்தின் கை ஆம்ப்ளிபயரின் திருகில் இருந்தது. அவளுடைய கண் அவருடைய உதட்டில் இருந்தது. விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், தம் அழைப்புக்குறியை ஒரே ஒருமுறை சொன்னார்.

அலைகளின் இரைச்சல். பிறகு, பசிபிக் கடலிலிருந்து, எழுத்துப் பிசகாமல் அவருடைய அழைப்புக்குறி திரும்பி வந்தது. மிக நன்றாகக் கேட்கிறது என்பதற்கான குறியெண்களும் வந்தன.

தெரு கைதட்டியது. செல்லப்பன் சீட்டியடித்தார். ராசாங்கத்தின் கண்ணில் நீர் வழிந்தது. எல்லோரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டனர்.

"நூறு!" என்றாள் சம்பூர்ணம். "அரியமுத்து, தையல் மெஷினை ஒரு கை பிடி. சன்னலோரம் போடணும்."

"இரு, இரு" என்று ராசாங்கம் எழுந்தார். "பேசுனா மட்டும் போதாது. பேசுனதுக்கு அத்தாட்சியா அவன் அட்டை அனுப்பணும். அட்டை கைக்கு வந்தாத்தான் கணக்கு. கப்பல்ல வரணும், ஆறு மாசமாகலாம், ஒரு வருஷமாகலாம். அதுவரைக்கும் தொண்ணூத்தொம்போதுதான்."

சம்பூர்ணம் சாக்கட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். சத்தியத்தின் சொற்களை அவள் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அட்டைதான் கணக்கு என்பது விதி; அரியமுத்துவும் வருத்தத்தோடு தலையாட்டினான். ஒரு வருடம். பூனை எந்திரத்தின்மேல் ஏறிப் படுத்தது.

சன்னல் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து தபால்காரர் வைரக்கண்ணு, சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி, குழப்பத்தோடு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தொண்ணூத்தொம்போதுங்கிறாரு? அட்டையெல்லாம் வூட்டுக்குக் கொண்டாராத, என் ஆபீஸ்லயே குடுத்துருன்னு சார் சொல்லி ரெண்டு வருஷமாச்சுங்களே. ஒவ்வொண்ணுக்கும் இது எத்தனாவது நாடுன்னு எண்ணிச் சொல்லி ஒரு டீ வாங்கிக் குடுப்பாரு. போன செவ்வாக்கெழமை குடிச்சது நூத்திப் பதினேழுங்க."

அன்று மாலை ஆறு மணிக்கு, அரியமுத்துவின் முன்னிலையில் எல்லாம் முடிந்தது: தையல் எந்திரம் சன்னலோரம் வந்தது; ராசாங்கத்தின் கருவிகள் கொல்லையிலிருந்த ஆட்டுக் கொட்டிலுக்குச் சென்றன; கொட்டிலைப் பெருக்கும்போது, தவிட்டு மூட்டைக்கு அடியில் ஹெட்போனும் பியூஸ் கம்பியும் கிடைத்தன. இரண்டாவது ரிசீவர் மட்டும் தையல் எந்திரத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சம்பூர்ணம் சொன்னாள். அதில் நான்கு கோடுகளும் இன்னும் அழியாமல் இருந்தன.