வெட்டினால் ஐம்பது நிமிஷம்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் சின்ன அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே என் மானத்தைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், உங்கள் மூட்டுவலி அடங்கிய செய்தியையும் அறிய ஆவல்.

நிற்க. உங்கள் அம்மா வீட்டு மொழியை இன்று உலகத்தில் சரளமாகப் பேசுகிறவர்கள் உங்கள் இரண்டு அக்காமார் மட்டும்தான் என்று கண்டுபிடித்துப் போன வருஷம் ஒரு ஆராய்ச்சியாளர் வந்தார் இல்லையா, நான்கூட மைக் அம்மா என்று சொல்வேனே, அவரால் வந்த வினைதான் எல்லாம். அழியப்போகும் மொழிகளைப் பதிவு செய்ய ஓர் அறக்கட்டளை அவருக்கு நிதி கொடுக்கிறது. நாற்பது மணி நேரம் இயல்பான பேச்சைக் கொடுத்தால்தான் இரண்டாம் வருஷத்துக்கும் நிதி வரும், அகராதியும் வரும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பெரிய அக்கா வேறு ஊரில் இருப்பதால் தினமும் பத்து மணிக்கு இருவரும் பேசும் போனுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தார். கதவு கிறீச்சிடுகிறது என்று என்னை வராந்தாவுக்கு அனுப்பினார்கள், மின்விசிறியை நிறுத்தினார்கள், பிரிட்ஜ் உறுமுகிறது என்று அதையும் பிடுங்கிவிட்டு மறுபடி மாட்ட மறந்து பால் பூராவும் திரிந்தது, நான் தும்மினால் அது நேரே நிதிக்குழுவுக்குப் போய்விடும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மொழி பிழைத்தால் சரி என்று பொறுத்துக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை அறிக்கை அனுப்பும் நேரத்தில் மைக் அம்மா ஒரு படிவத்தை நீட்டி, "சார், சும்மா ஒரு கையெழுத்து" என்றார். ஆபீஸ் ஆவண அறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். என் கல்யாணப் பதிவிலேயே படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இதையும் படித்தேன். பேச்சில் யாரைப் பற்றி வருகிறதோ அவர் சம்மதம் தரவேண்டும், தராவிட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும் என்று போட்டிருந்தது.

"என்னைப் பத்தியும் பேசியிருக்காங்களா?"

"கொஞ்சம்..." என்று மைக் அம்மா உத்தரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம்னா? வெட்டினா எவ்வளவு மிஞ்சும்?"

"ஐம்பது நிமிஷம், சார். எல்லாம் மழையைப் பத்தி."

அகராதிக்கு அவர் எழுதி வைத்திருந்த வரைவை வாங்கிப் பார்த்தேன், மாப்பிள்ளை. 'பிடிவாதம்' என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு நான். 'அசடு' நான். இறந்தகாலத்துக்கு 'அவர் குழாயை உடைத்தார்', நிகழ்காலத்துக்கு 'உடைக்கிறார்', எதிர்காலத்துக்கு 'நாளைக்கும் உடைப்பார்'. குறட்டைக்கு ஏழு சொல் இருக்காம், ஏழுக்கும் நானே ஆள். நாற்பது வருஷமா அதே ரூம்ல பேப்பர் படிச்சுக்கிட்டு, அக்காளும் தங்கச்சியும் சிரிச்சா அர்த்தம் புரியாம நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேனே! இன்னும் ஐந்நூறு வருஷம் கழிச்சு எவனோ ஒரு பேராசிரியர் இந்த மொழியைப் படிக்க உட்கார்ந்தா, முதல் பாடமே நான் உடைச்ச குழாய்தானே? கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்கள் அக்கா, "நான் என்ன இல்லாததையா சொன்னேன்? குழாய் உடைஞ்சுதா இல்லையா?" என்கிறாள்.

சின்ன வயசிலேயே விடுதியில் சேர்ந்து படித்ததால் அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத புண்ணியவான் நீங்கள். ஆகையால் நீங்களும் நானும் ஒரே கட்சி. உடனே புறப்பட்டு வந்து அக்காளிடம் பேசி, மழையை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். மொழி போனால் போகட்டும், என் மானம் மிஞ்சட்டும். உங்கள் வீட்டுத் தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் யார் வாயிலும் விழாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
அகராதிக்குள் அகப்பட்ட உங்கள் அத்தான்

பி.கு.: இதை எழுதி மூன்று நாளாகியும் தபாலில் சேர்க்கவில்லை. பத்து மணிக்குப் போன் அடித்தாலும் உங்கள் அக்கா எடுப்பதில்லை. கேட்டால், "பேசினா உங்க பேரு வரும், எதுக்கு வம்பு?" என்கிறாள். திட்டும் இல்லை. "சாப்பிட வாங்க, வேற ஏதாவது வேணுங்களா?" என்று விருந்தாளிக்குச் சொல்வது போல ஒரே மரியாதை. இரண்டே பேர் பேசும் மொழியை என் ஒருத்தனால் மூன்று நாளாக யாருமே பேசவில்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்று காலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்து மணிக்குப் போனை எடுத்தாள், முதல் நிமிஷத்திலேயே என் பெயர் வந்தது, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எனக்கு உயிர் வந்தது. அதனால் நீங்கள் வர வேண்டாம். இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன், அது உங்களுக்கு. ஒவ்வொரு தடவையும் என்னைத் திட்டி முடித்த கையோடு, "என்ன இருந்தாலும் நம்ம தம்பிக்கு இவரு எவ்வளவோ தேவலை" என்றுதான் போனை வைப்பார்களாம். மைக் அம்மா இப்போதுதான் மொழிபெயர்த்துச் சொன்னார். தயவுசெய்து கோபப்படாமல் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள் மாப்பிள்ளை. அந்த வரிகளை வெட்டிவிட்டால், என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அந்த மொழியில் வேறு ஒன்றுமே இல்லை.