பதினோரு கல்லும் நாற்பது மணி நேரத் தொண்டும்

மழைத் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பது எங்கள் டார்ன்லி ஊரில் யாரும் மறுக்காத விஷயம். மாவட்ட மலைப்பாதைப் பராமரிப்பு மற்றும் இயற்கை மறுஉறவு அலுவலகம் மட்டும் இதுபற்றி இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில், எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் மலைக்கும் பஞ்சமில்லை, மலையேறுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. ஊருக்கு மேலே போகிற நடைபாதை, பசு வளர்க்கிற ஹோலிஸ் டட்டனின் கொட்டகைக்கு நேர் மேலே வளைகிறது. அந்த வளைவில் பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதினோரு கல் பதித்து ஒரு வடிகால். தண்ணீர் கல்லில் முட்டி, பக்கத்துக் காட்டுக்குள் திரும்பிவிடும். கொட்டகைக்குள் இருபத்திரண்டு பசுக்களுக்குக் குளிர்காலம் முழுக்கத் தேவையான காய்ந்த புல்கட்டு. பனி விழுந்துவிட்டால் ஏப்ரல் கடைசி வரை பச்சைப் புல்லைக் கண்ணால் பார்க்க முடியாது. பின்பக்கம் முழுக்கப் பாறை, வேறு வாய்க்கால் வெட்ட வழியில்லை. அந்தப் பதினோரு கல்தான் இருபத்திரண்டு பசுக்களுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

கொட்டகைக்குக் கீழே, இறக்கத்தில், என் சாமான் கடை. என் பெயர் வெர்ன்.

செப்டம்பரில் நகரத்திலிருந்து ஒரு பேருந்து நிறையத் தொண்டர்கள் வந்து இறங்கினார்கள். 'இயற்கையோடு மீண்டும் கைகோர்க்கும் வாரம்' என்று பேனர். ஆளுக்கொரு ஆரஞ்சு மேலங்கி, ஆளுக்கொரு ஜோடி கையுறை. கையுறை என் கடையில் வாங்கியது, அதனால் அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஷூவைக் கழற்றிவிட்டு வட்டமாக நின்று, கண்ணை மூடி, மண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்கள். எதற்கு என்று மண்ணும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பிறகு, வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, வடிகாலில் இருந்த பதினோரு கல்லையும் பிடுங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டினார்கள். மனசுக்கு அமைதி கிடைக்குமாம். படம் எடுத்துக்கொண்டார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பேருந்து போய்விட்டது.

அடுத்த மழையில் தண்ணீர் நேராகக் கொட்டகையின் பின்சுவருக்கு வந்தது. அடிவரிசைப் புல்கட்டுகள் நனைந்துபோயின. ஹோலிஸ் என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். அங்கே தொண்டர் ஒருங்கிணைப்பாளர் ஸ்கைலர் பெட்டிங்கில், சிரித்த முகமான பெண், எங்களை உட்காரச் சொன்னாள்.

"அம்மா, மொத்தம் பதினோரு கல்லு. திரும்பப் பதிச்சா பத்து நிமிஷ வேலை. நானே பாத்துக்கறேன்," என்றான் ஹோலிஸ்.

"ஐயையோ! பாதையில கை வைக்கணும்னா தொண்டர் சான்றிதழ் வேணும், மிஸ்டர் டட்டன்."

"கல்லைப் புடுங்கினாங்களே, அவங்ககிட்ட இருந்துச்சா?"

"ஒவ்வொருத்தர்கிட்டயும் இருந்துச்சு."

"அப்ப அவங்களையே வரச் சொல்லுங்க."

"அவங்க இயற்கையோட உறவாடி முடிச்சுட்டாங்களே. அடுத்த அணி மே மாசம்."

"மழை இப்ப பெய்யுதேம்மா!"

"மழைக்கு எங்க அட்டவணை தெரியாது, பாவம்," என்றாள் ஸ்கைலர் கருணையோடு. "இன்னொரு விஷயம். அந்தக் கோபுரத்தைப் பதிவேட்டுல ஏத்தியாச்சு. 'பாதையோரச் சிந்தனைச் சின்னம், எண் ஏழு.' அதைக் கலைக்கணும்னா மூணு துறையோட ஒப்புதல் வேணும்."

மறுநாள் காலை ஹோலிஸ் மண்வெட்டியோடு போய்க் கல்லைப் பதித்துவிட்டு வந்தான். ஒன்பது நிமிஷம் ஆனது. பத்து என்று அலுவலகத்தில் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று வருத்தப்பட்டான். அந்த வழியாகப் போன யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் அலுவலகத்து ஆட்கள் ஆறு பேர் வந்து, கல்லைப் பிடுங்கிச் சின்னத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் ஹோலிஸுக்குச் சம்மன் வந்தது. குற்றம்: உரிய அங்கீகாரமின்றித் தொண்டு செய்தல்.

நீதிபதி நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

"மிஸ்டர் டட்டன், அவனவன் நினைச்ச நேரத்துல நல்லது செய்ய ஆரம்பிச்சா நாடு என்ன ஆகும்? மாவட்டப் பாதைகள்ல நாற்பது மணி நேரம் தொண்டு செய்யணும். இதான் தண்டனை."

"கட்டாயத் தொண்டாங்கய்யா?"

"கட்டாயம்தான். ஆனா மனசார விரும்பித்தான் செய்யறேன்னு படிவத்துல கையெழுத்துப் போடணும்."

போட்டான்.

தொண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கில், ஐந்து நாள். முதல் நாள் முழுக்க மூச்சை இழுத்து விடுகிற பயிற்சி. இரண்டாம் நாள் மண்வெட்டியை அறிமுகப்படுத்தினார்கள். ஐம்பது வருஷமாக மண்வெட்டி பிடித்த ஹோலிஸுக்கு அதில் கைப்பிடி எது என்று காட்டிக்கொடுத்தவனுக்கு வயது இருபத்தைந்து, விரல்கள் பன்னீர்க்கட்டிபோல மெத்தென்று. மூன்றாம் நாள் ஆளுக்கொரு மேப்பிள் மரத்தைக் கட்டிப்பிடித்து அது சொல்வதைக் கேட்கச் சொன்னார்கள். அப்போதுதான் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, வானமே பொத்துக்கொண்டதுபோல.

"நான் வீட்டுக்குப் போகணும்," என்றான் ஹோலிஸ்.

"வட்டத்தை விட்டுப் போனா நாற்பது மணி நேரமும் முதல்லேருந்து எண்ணணும்," என்றாள் ஸ்கைலர். "மரம் என்ன சொல்லுது?"

"வீட்டுக்குப் போடா முட்டாளேங்குது."

பகல் சாப்பாட்டு வேளையில் எனக்குப் போன் செய்தான். "வெர்ன், உனக்குப் புண்ணியமாப் போகும். அந்தக் கல்லை மட்டும் எடுத்துப் போட்டுட்டு வாடா. ஒம்பதே நிமிஷம்."

அன்று சனிக்கிழமை. இலையுதிர்காலத்துச் சிவந்த இலை பார்க்க வந்த கூட்டம் மழைக்கு ஒதுங்கிக் கடை முழுக்க நின்றது. எல்லோருக்கும் மழைக்கோட்டு வேண்டும். நான் சொன்னேன்:

"எனக்குச் சான்றிதழ் இல்லியே, ஹோலிஸ்."

அவன் போனை வைத்துவிட்டான்.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் கொட்டகையின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது. கொட்டகை அப்படியே சரிந்தது, புல் முழுக்க நாசம். நவம்பரில் இருபத்திரண்டு பசுக்களையும் லாரியில் ஏற்றி அனுப்பினான். லாரி என் கடையைத் தாண்டித்தான் போனது. ஒரு பசு என்னையே பார்த்தது, எனக்கு வெட்கமாக இருந்தது, உள்ளே போய்விட்டேன்.

ஸ்கைலர் வந்து இடத்தைப் பார்வையிட்டு மெய்சிலிர்த்துப்போனாள். "பாத்தீங்களா, தண்ணி தனக்கான பாதையைத் தானே தேடிக்கிட்டிருக்கு!" கொட்டகை நின்ற இடத்தில் 'இயற்கை தன் இடத்தை மீட்ட இடம்' என்று பலகை நட்டார்கள். ஹோலிஸின் நாற்பது மணி நேரம் முடிந்திருந்ததால் சான்றிதழும் கொடுத்தார்கள். பசுவும் இல்லை, வேலையும் இல்லை என்று நின்றவனைப் பாதை மேற்பார்வையாளராகவே எடுத்துக்கொண்டார்கள். மாவட்டத்திலேயே மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஒரே அதிகாரி அவன்தான்.

மே முதல் வாரம் மலை உச்சிப் பனி மொத்தமாக உருகியது. நடுவில் தடுக்கக் கொட்டகை இல்லை. தண்ணீர் நேராக என் கடையின் நிலவறைக்குள் இறங்கியது. கீழே மாவு மூட்டை, சர்க்கரை, வருஷத்துச் சரக்கு அத்தனையும். பாதை ஆரம்பிக்கிற இடத்துக்கு ஓடினேன். ஹோலிஸ் ஆரஞ்சு மேலங்கியில், கையில் படிவக் கட்டோடு நின்றிருந்தான்.

"ஹோலிஸ், அந்தக் கல்லை எடுத்துப் போடுப்பா! இப்ப நீதானே அதிகாரி!"

"மூணு துறை ஒப்புதல் வரணும், வெர்ன்."

"அப்ப நானே போய்ப் போடறேன். மண்வெட்டியைக் குடு."

என்னை நிதானமாகப் பார்த்தான்.

"உனக்குச் சான்றிதழ் இல்லியே, வெர்ன்."

ஒரு படிவத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தான். "சனிக்கிழமை ஒம்பது மணிக்கு அறிமுக வகுப்பு. ஷூவைக் கழட்டிட்டு வட்டத்துல நில்லு."

சனிக்கிழமை போய் நின்றேன். பேருந்து நிறைய நகரத்துக்காரர்கள், கையில் என் கடைக் கையுறைகள். மண் ஜில்லென்றிருந்தது. ஹோலிஸ் சொன்னபடி எல்லோரும் கண்ணை மூடி மண்ணிடம் மன்னிப்புக் கேட்டோம்.

பக்கத்தில் நின்ற பெண் என் காதோரம் கேட்டாள்: "எதுக்குங்க மன்னிப்பு கேக்கறோம்?"

அந்த வட்டத்திலேயே பதில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ஆனால் வட்டத்தில் பேசக் கூடாது என்று விதி இருக்கிறது.