பெக்கோவுக்கு ஊசி போட்ட டீமேக்கர்

இலங்கையில் கேகாலை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்கள் அத்தனையையும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஊசி போடுவதற்கு முன்னால் பூனையிடம் அனுமதி கேட்கிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தோட்டத்து டீமேக்கர். தேயிலைத் தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு. ஃபெக்டரியில் அவர் ஒரு கனைப்புக் கனைத்தால் ரோலர் மெஷினே நின்றுவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவர் காலையும் மாலையும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பெக்கோ, போடலாமா?" என்று கேட்பார். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஐந்து நிமிடம் பொறுத்திருந்து மறுபடியும் கேட்பார்.

அவருடைய சொந்தப் பெயரைத் தோட்டத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே டீமேக்கரய்யா. முதுகுக்குப் பின்னால் 'மூத்திர டேஸ்டர்'. இந்த இரண்டாவது பெயரை வைத்தவன் நான். இந்தக் கதையில் நான் வெட்கப்பட வேண்டிய இடங்கள் நிறைய இருப்பதால், சின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

அரநாயக்கவுக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தோட்டத்தின் ஆபீசில், இரண்டாயிரத்து இரண்டிலோ மூன்றிலோ, நான் இரண்டாவது கிளார்க்காகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. டீமேக்கர் ஐம்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. பழுப்பு நிறத்தில் தடித்த ஒரு ஆண் பூனையோடு அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தார். பெக்கோ என்கிற தேயிலை ரகத்தின் பெயரைத்தான் பூனைக்கு வைத்திருந்தார்.

ஒருநாள் பெக்கோ மூத்திரம் பெய்கிற மண் பெட்டியைச் சுற்றி எறும்பு வரிசை கட்டி நின்றதைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். "இதுல இனிப்பு இருக்கு" என்றார். நேரே பூனையைத் தூக்கிக்கொண்டு மாவனல்லைக்குப் போய் மிருக வைத்தியரிடம் காட்டினார். வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு சீனி வருத்தம் என்று சொல்லி, இரண்டு வேளை இன்சுலின் எழுதிக் கொடுத்தார். நடந்தது இவ்வளவுதான். அவர் முகர்ந்தார். சுவைக்கவில்லை.

நான் ஸ்டாஃப் கிளப்பில் கதையைக் கொஞ்சம் திருத்தினேன். தேயிலை ருசி பார்க்கிற கரண்டியால் அள்ளி, 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்பி, "நல்ல நெறம். ஆனா சீனி தூக்கல்" என்று அவர் தீர்ப்புச் சொன்னதாக நடித்துக் காட்டினேன். கிளப்பே உருண்டு சிரித்தது. இரண்டாம் முறை நடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசலில் குடையை மடக்கியபடி டீமேக்கர் நிற்கிறார்.

"சத்தம் பத்தாது தம்பி" என்றார். "காத்தையும் சேத்து இழுக்கணும். அப்பதான் நாக்கு பூராவும் படும். இன்னொரு தடவ செய், பாப்போம்."

செய்தேன். வேறென்ன செய்வது? "இப்பப் பரவால்ல" என்று சொல்லிவிட்டு, கேரம் போர்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். டீமேக்கர் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. "அந்தப் பொட்டிக்குள்ள போன எதுக்கும் வாசம் மிஞ்சாது" என்பது அவர் கட்சி. தோட்டத்து ஆஸ்பத்திரி பிரிட்ஜ் அரை மைல் மேலே இருந்தது. பக்கத்தில் இருந்தது என்னுடையதுதான். துபாயிலிருந்து வந்த அக்கா வாங்கிக் கொடுத்தது. மருந்துக் குப்பியை ஒரு சின்னத் தேயிலை டின்னில் போட்டு, மேலே 'பெக்கோ' என்று ஒட்டி, என் பிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தார். தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வந்து குப்பியை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டி, ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு போவார். குலுக்கக் கூடாதாம்.

மாவனல்லையில் மருந்துக் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவரிடம் இன்சுலின் வாங்க ஒருமுறை நானும் கூடப் போனேன். வைத்தியர் கிறுக்கிய துண்டில் நோயாளி பெயர் 'பெக்கோ' என்று மட்டும் இருக்கும். நானா அதை டீமேக்கரின் மனைவி என்றே பல மாதங்களாக நினைத்திருக்கிறார்.

"வூட்டுல உள்ளவங்களுக்கு இப்ப எப்பிடி ஈக்கிது?" என்று கரிசனமாகக் கேட்டார்.

"நல்லா இருக்கு நானா. நேத்து கூரை மேல ஏறி ஒரு எலி புடிச்சிச்சு" என்றார் டீமேக்கர்.

நானா மருந்தைப் பொதி செய்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் மேலே சுழன்ற விசிறியைப் பார்த்தேன். "அல்லாஹ் சுகத்தக் குடுப்பான்" என்று மெல்லச் சொல்லி, பொதியை நீட்டினார்.

இனிப் பெரிய வெட்கத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிக்கெட் மேட்ச் பார்க்கச் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். சோடாப் போத்தல்களை பிரிட்ஜில் அடுக்க இடம் போதவில்லை. தேயிலை டின் இடைஞ்சலாக இருந்தது. தூக்கி ஐஸ் தட்டில் வைத்தேன். மாலை ஐந்தரைக்கு நினைவு வந்து டின்னைத் திறந்தால் குப்பி கல்லாகிக் கிடக்கிறது.

ஆறு மணிக்கு அவர் வந்துவிடுவார். சுடுதண்ணீரில் வைத்து இளக்கினேன். பால்போல இருக்க வேண்டிய மருந்தில் சின்னச் சின்னத் திரிகள் மிதந்தன. பலமாகக் குலுக்கினேன். திரிகள் குறைந்த மாதிரி இருந்தது. துடைத்து டின்னில் போட்டு நடுத்தட்டில் வைத்தேன்.

டீமேக்கர் வந்து குப்பியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "கொஞ்சம் திரிஞ்ச மாதிரி தெரியல?"

"லைட்டு அப்பிடிங்க ஐயா" என்றேன்.

அவர் நம்பினார்.

மூன்றாம் நாள் மண் பெட்டிக்கு எறும்பு திரும்பியது. பெக்கோ தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவில்லை. ஒரு வாரத்தில் வாந்தி தொடங்கியது. சாப்பாட்டைக் கண்டால் தலையைத் திருப்பியது. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் கிடந்தது. டீமேக்கர் ஃபெக்டரிக்கு லீவு போட்டார். அவர் அங்கே சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் லீவு என்று பெரிய கிளார்க் சொன்னார்.

கண்டிப் பக்கம் இருந்த பெரிய மிருக ஆஸ்பத்திரிக்குக் கொழுந்துக் கூடையில் பெக்கோவை வைத்து, மேலே வேட்டியைக் கட்டி, பஸ் ஏறினோம். நானாகத்தான் கூடப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

"மொனவத மாத்தயா கூடே?" என்று கண்டக்டர் கூடையில் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"லெடெக்" என்றார் டீமேக்கர். நோயாளி.

கண்டக்டர் வேட்டியை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு, நோயாளிக்கு இடம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் பெண் டாக்டர். வயிற்றைத் தொட்டதும் பெக்கோ முனகியது. இரத்தம் எடுத்தார், படம் பிடித்தார். கணையம் வீங்கிப் புண்ணாகியிருக்கிறது, சீனியும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார். பிறகு மிகச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். இன்சுலின் எப்போதாவது ஐஸாக உறைந்து போனதா?

டீமேக்கருக்குக் கோபமே வந்துவிட்டது. சிங்களத்தில் படபடவென்று பொரிந்தார். "அப்படி நடக்கவே நடக்காது, டாக்டர். மருந்து இருப்பது இந்தத் தம்பி வீட்டில். என் வீட்டில் இருந்தால்கூட எனக்குச் சந்தேகம் வரும். இவர் வீட்டில் இருப்பதால் வராது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த மாட்டுப் படத்தை ஊன்றிப் பார்த்தேன். அந்த மாட்டின் நான்கு வயிறுகளும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

கணையம் கெட்டதால் சீனி ஏறியதா, சீனி ஏறியதால் கணையம் கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். முதல் பாதியை மட்டும் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வருகிற வழியெல்லாம் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். கணையம் கெட்டதால்தான். கணையம் கெட்டதால்தான்.

நான்கு நாள் சேலைன் ஏற்றி, வலிக்கும் வாந்திக்கும் ஊசி போட்டு, பெக்கோவைத் திருப்பித் தந்தார்கள். தோலும் கொழுப்பும் நீக்கிய கோழியை அவித்து மசித்து, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்றார்கள். மருந்துக் குப்பியையும் புதிதாக மாற்றச் சொன்னார்கள். பழையதை நான்தான் முந்திக்கொண்டு வாங்கித் தூர எறிந்தேன்.

அதன் பிறகு ஃபெக்டரியின் நேரமே பெக்கோவின் சாப்பாட்டு நேரமாக மாறியது. ஊசியில்லாத சிரிஞ்சில் கோழிக் கூழை நிரப்பி, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விடுவார். தேயிலைச் சாம்பிள் நிறுக்கிற தராசில் பூனையை உட்கார வைத்து நிறை பார்ப்பார். வாசலில் ஒரு அட்டை தொங்கும். 'வாந்தி: இல்லை. நிறம்: தெளிவு. குணம்: கசப்பு.'

மூன்று வாரத்தில் பெக்கோ தானாகச் சாப்பிட ஆரம்பித்தது. பூனை தேறியது. மனிதர் தேறவில்லை.

தன் கைதான் பிழை செய்தது என்று முடிவு கட்டிவிட்டார். ஊசி தோலுக்குள் போகாமல் மயிரில் போயிருக்கும், மருந்தைக் குறைத்து ஏற்றியிருப்பேன், கண் மங்கிவிட்டது. இப்படியே புலம்பினார். கூடை நிறையத் தோடம்பழம், அதுதான் ஆரஞ்சு, வாங்கி வைத்து, கொதித்து ஆறிய தண்ணீரை அவற்றில் ஊசியால் ஏற்றிப் பழகினார். மாலையில் நான் போய் எதிரே உட்காருவேன். ஊசி ஏறிய பழங்களை வீணாக்கக் கூடாதே என்று உரித்துத் தின்பேன்.

"கை நடுங்குது, பாத்தியா?" என்பார்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லங்க ஐயா" என்பேன், வாய் நிறையப் பழத்தோடு.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு காலையில் ஆபீசுக்கு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"தொரைக்கு ஒரு கடுதாசி அடிக்கணும் தம்பி. வேலைய விட்டுர்றேன்."

"ஏங்க ஐயா?"

"ஒரு யூனிட் மருந்த ஒழுங்கா ஏத்தத் தெரியல. இந்தக் கைய வச்சிக்கிட்டு தேயிலையத் தொட்டுப் பாத்து நான் என்னத்தச் சொல்றது? தோட்டத்துப் பேரு கெட்டுப் போவும். அடி."

டைப்ரைட்டரில் தாளைச் சொருகினேன். 'எனது கையும் கண்ணும் முன்போல் இல்லாத காரணத்தால்' என்பது வரை அடித்தேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை.

"என்ன, ரிபன் முடிஞ்சிருச்சா?"

"ஒங்க கையில ஒண்ணுமில்லங்க ஐயா" என்றேன். "மருந்துதான் கெட்டுப் போயிருந்திச்சு. மேட்ச் அன்னைக்கி நான்தான் ஐஸ் தட்டுல வச்சேன். கட்டியாயிருச்சு. சுடுதண்ணியில எளக்கி, ஒங்களுக்குத் தெரியாம திருப்பி வச்சிட்டேங்க."

பெரிய கிளார்க் தலை நிமிராமல் எழுதுகிற மாதிரியே இருந்தார். ஆனால் அவர் பேனா ஓடவில்லை.

டீமேக்கர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். போட்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"பூனைக்குச் செஞ்சதக்கூட விட்டுரலாம்" என்றார். "வெவரம் தெரியாம செஞ்ச. ஒரு மாசமா நான் என் கையத் திட்டிக்கிட்டு கெடந்தேன். நீ எதிர்ல உக்காந்து தோடம்பழம் தின்னுக்கிட்டு இருந்த."

டைப்ரைட்டரிலிருந்து தாளை அவரே உருவி, நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அன்று மாலை நான் வீட்டுக்குப் போனபோது வாசலில் நின்றார். பிரிட்ஜைத் திறந்துவிட்டேன். டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அதன் பிறகு மருந்து தோட்டத்து ஆஸ்பத்திரி பிரிட்ஜுக்குப் போனது. தினமும் இரண்டு வேளை, அந்த மழையிலும், அரை மைல் ஏறி இறங்கினார். ஒவ்வொரு முறையும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். குடை போவதை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ஒருமுறைகூட அது என் பக்கம் சாயவில்லை. கிளப்பில் யாரோ பழைய நடிப்பைச் செய்யச் சொன்னபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் மாலை ஃபெக்டரி வாச்சர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "டீமேக்கரய்யா ஆஸ்பத்திரிப் பாதையில வழுக்கி விழுந்துட்டாங்க. காலு யானக்காலு மாதிரி வீங்கிப் போச்சு. ஒங்களக் கூட்டியாரச் சொன்னாங்க."

"என்னையா?"

"ஆமாங்க. மருந்தையும் எடுத்துக்கிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வரச் சொன்னாங்க. சோப்புன்னு ரெண்டு தடவ சொன்னாங்க."

அரை மைலையும் ஓடி ஏறி, ஓடி இறங்கினேன். குப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். அவர் கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக் கிடந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குப்பியை வாங்கி வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

உள்ளங்கைகளில் உருட்டினேன். மருந்தை ஏற்றினேன். பெக்கோவின் பிடரித் தோலைத் தூக்கினேன். ஊசியை வேகமாகக் கிட்டே கொண்டுபோனேன்.

"அவசரப்படாத" என்றார். "மொதல்ல அவன்கிட்ட கேளு."

கேட்டேன். பெக்கோ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒருவழியாகக் கண்ணை மூடியது. போட்டேன்.

என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கால் குணமாக மூன்று வாரம் ஆகும் என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே மருந்தோடு போனேன். பூனையைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து போட்டு, அவர் எனக்காகக் காத்திருந்தார்.