மார்ச் ஒன்பது யாருடைய நாள்?

“மார்ச் ஒன்பது எதுக்கு லீவு?” என்று கேட்டார் புதிதாக வந்திருந்த மேனேஜர் அம்மா.

பெரிய குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சகத்தின் விடுமுறைப் பட்டியலை முப்பது வருடமாக அவர்தான் எழுதுகிறார். எழுதுகிறார் என்ன, முந்தின வருடத்துப் பட்டியலைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி. மார்ச் ஒன்பது அவர் வேலையில் சேருமுன்பே அதில் இருந்தது.

அன்றைக்கு அச்சகமே குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போகும். பைண்டரின் தங்கையை அவர் முதலில் பார்த்தது அங்கேதான். மனைவியாக இருபத்தாறு வருடம் கூட வந்தாள். அவள் போன பிறகும் வருடம் ஒருமுறை அந்தப் படிக்கட்டில் எல்லோரோடும் உட்கார்ந்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

“சுதந்திரப் போராட்டத் தியாகி ஒருத்தரோட நினைவு நாள்மா” என்று அடித்துவிட்டார்.

“அப்படியா? ஹால்ல படம் மாட்டிடலாம். பேரு என்ன?”

“தியாகின்னா... மதத் தியாகிம்மா. பண்டிகை மாதிரி.”

“எந்த மதம்?”

“கேட்டுச் சொல்றேன்.”

குமாஸ்தா பைண்டிங் பக்கம் போய் விசாரித்ததும், பைண்டர் தையல் ஊசியை நிறுத்தினார். “அன்னைக்கு நாம கோயிலுக்கே போனதில்லையே மச்சான். மெஷின்மேனோட பண்டிகைன்னுல்ல இருந்தேன்?”

“பள்ளிவாசல்ல அன்னைக்கு ஒண்ணும் கிடையாதுங்க” என்றார் மெஷின்மேன். “கேஷியர் சாரோடதுன்னு வருஷா வருஷம் கை குடுத்து வாழ்த்து சொல்றேனே.”

கேஷியர் நெளிந்தார். “சர்ச்சுல அப்படி ஒரு நாளே இல்ல. நீங்க ஆசையா சொல்றப்ப மறுக்க முடியுமா? வாங்கி அப்படியே பைண்டருக்குச் சொல்லிடுவேன்.”

“நானும் மரியாதைக்கு வாங்கிக்கிட்டேன்” என்றார் பைண்டர்.

பின்னால் வந்து நின்ற மேனேஜர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். “தியாகியும் இல்ல, பண்டிகையும் இல்ல. அப்ப அடிச்சிட வேண்டியதுதான்.”

“அவங்கவங்க பண்டிகைக்கு வீட்டு வேலையே சரியா இருக்கும்மா” என்றார் மெஷின்மேன். “நாங்க எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுறது இந்த ஒரு நாள்தான்.”

குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அதை மட்டும் எடுத்துடாதீங்கம்மா.”

மேனேஜர் அம்மா பேனாவை மூடினார். “எடுக்க எனக்கும் மனசில்ல. ஆனா தலைமை ஆபீஸ் கேட்டா வரலாறுன்னு ஒண்ணு எழுதணுமே. யாருக்காவது தெரியுமா?”

கையெழுத்து வாங்க வந்திருந்த வாட்ச்மேன், இவர்கள் எல்லோருக்கும் முன்பே வேலைக்குச் சேர்ந்தவர், தலையைச் சொறிந்தார்.

“முதல் வருஷம் அன்னைக்கு நான் தூங்கிட்டேம்மா, லேட்டா ஓடி வந்து கேட்டைத் திறந்தா, பூட்டைப் பார்த்துட்டு எல்லாரும் லீவுன்னு நினைச்சு ஆத்தங்கரைக்குப் போயிட்டாங்க.”