மூணாம் நம்பர் மூட்டை

"பிரிக்காம குடுத்துடுங்கப்பா" என்று மகள் சொல்லிவிட்டுப் போனதுதான் குடோன் மேலாளரின் தலைக்கேறியது. பெற்ற அப்பனுக்கே ஒட்டின கவரா?

ராணுவ அதிகாரி வேலைக்கான விண்ணப்பம் அது. மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அவளுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. காலாட்படை, பொறியாளர் படை, சப்ளை பிரிவு மூன்றுக்கும் விருப்ப எண் போடவேண்டும். சப்ளையைப் போடு, குண்டு வராத இடம் என்று ஒரு வாரமாகக் கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவளோ, நான் போடுவதைத்தான் போடுவேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

அந்தக் கடுப்பெல்லாம் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் மேல் இறங்கியது.

"எத்தனை தடவை சொல்றது? மூணாம் நம்பர் மூட்டையைக் கடைசியா ஏத்துங்க. முதல்ல இறங்க வேண்டியது அதுதான்."

இருபத்தெட்டு வருடமாக அந்தக் குடோனில் அதுதான் சட்டம்: பெரிய நம்பருக்கே முதல் இடம்.

பதினொரு மணிக்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. அறையைச் சாத்திக்கொண்டு, கெட்டில் ஆவியில் காட்டிக் கவரைப் பிரித்தார். எண்களைப் பார்த்தார். பயந்தபடியேதான். காலாட்படையைத் தலையில் தூக்கி வைத்திருந்தாள்; சப்ளைக்குக் கடைசி இடம். அவள் எங்கோ பதுங்குகுழியில் கிடப்பதை நினைத்ததும் மேஜை டிராயரை இழுத்துத் துழாவினார்.

எண்களைப் பிளேடால் சுரண்டினார். தாளில் ஓட்டை விழுந்தது.

வீட்டில் அவள் மேஜையில் இன்னொரு படிவம் இருப்பது நினைவுக்கு வந்து ஓடினார். இந்த நேரத்தில் என்ன வேலை என்று மனைவி கேட்க, என் வீட்டுக்கு வர எவன் அனுமதி வேண்டும் என்று சீறினார். எல்லாவற்றையும் பார்த்து எழுதி, எண்களை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றினார். மகளின் கையெழுத்தைப் பழைய ரசீதுகளின் பின்னால் முப்பது முறை போட்டுப் பழகி, முப்பத்தொன்றாவதைப் படிவத்தில் போட்டார். பழைய தாளிலிருந்து போட்டோவை உரித்தால் பாதி முகம்தான் வந்தது. அலமாரியைக் குடைந்ததில் கிடைத்தது ரெட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் போட்டோ. எடுத்து ஒட்டினார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் மூச்சிரைக்க நின்றார். கவுண்டர் குமாஸ்தா போட்டோவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"ரொம்ப சின்னப் பொண்ணா இருக்கே சார்."

"எனக்கு அவ எப்பவும் சின்னப் பொண்ணுதான். நீங்க சீலைக் குத்துங்க."

சீல் குத்திய பிறகு திருத்தம் கிடையாது என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் படித்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சீல் விழுந்தது. ஒரு வாரத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

குமாஸ்தா படிவத்தில் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"காலையில போன்ல சந்தேகம் கேட்டது இவங்கதானே சார்? 'எங்கப்பா குடோன்ல வளர்ந்தவ நான், சப்ளைக்குத்தான் ஒண்ணு போட்டிருக்கேன், சாயங்காலம் சொல்லி அவரை அசத்தப்போறேன்'னாங்க. இதுல முதல் விருப்பமா ஒண்ணு காலாட்படைக்கு இருக்கே, சப்ளைக்கு மூணுதான் போட்டிருக்கு, மனசு மாறிட்டாங்களா?"