விதி எண் பதினான்கு

உயிர்களிடம் கருணை காட்டுவதில் என் கணவர் பணிபுரிந்த ஆராய்ச்சி நிலையத்தை மிஞ்ச இப்பூவுலகில் இன்னொன்று இல்லை. சும்மா சொல்லவில்லை. விதி எண் பதினான்கைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அவர் நத்தைகளின் ஹார்மோனை ஆராய்ந்தார். ஒரு நத்தையைத் தூரிகையால் மெல்லக் குத்துவார். அது ஓட்டுக்குள் ஒடுங்கியதும் அதன் உடல்நீரில் ஒரு சொட்டு எடுத்து, பயத்தில் என்ன சுரந்திருக்கிறது என்று பார்ப்பார்.

"நமக்குப் படபடன்னு வரும்போது சுரக்குதே, அதுவும் இதுவும் பங்காளிங்க," என்பார் சாப்பிடும்போது. "முதுகெலும்பு வர்றதுக்கு முன்னாடியே பயம் வந்தாச்சு."

"உங்க இயக்குநர் வந்தது முதுகெலும்புக்கு முன்னாடியா?" என்பேன்.

விதி பதினான்கு இயக்குநரே எழுதியது. ஒரு நத்தையை மூன்று தடவைக்கு மேல் தொந்தரவு செய்யலாகாது. பிறகு ஒரு நாள் 'பூரண ஓய்வு': இருட்டு, ஈரப் பஞ்சு, யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இதற்கு நான்கு கூட்டங்கள் நடந்தன. பஞ்சுக்குத் தனியாக ஒரு துணைக்குழு.

போன வருடம் அவருக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவர் இரண்டு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். விடுப்பு விண்ணப்பம் பழைய படிவம் என்று திரும்பியது. புதிய படிவத்தில் கொடுத்தார்; நீல மை என்று திரும்பியது. கறுப்பு மையில் கொடுத்தார். 'வலியின் அளவைக் குறிப்பிடுக' என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் இயக்குநர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

"என்னய்யா, இதோட ஆறாவது தடவை."

"ஆமா சார். மூச்சு வாங்குது."

"மன அழுத்தமில்லாப் பணியிடம்னு பயிலரங்கு வச்சிருக்கோம்ல, அது முடியட்டும். நீங்கதான் பேசறீங்க. உங்க நத்தைய வச்சு ஒரு அரை மணி நேரம்."

பேசினார். கை தட்டினார்களாம். மேடைப் படியிலேயே சரிந்துவிட்டார். சட்டைப்பையில் ஏழாவது விண்ணப்பம் இருந்தது, கறுப்பு மையில்.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் இயக்குநர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏதாவது வேணுமாம்மா? கூச்சப்படாம கேளுங்க."

"அவரோட நத்தைங்க எப்படி இருக்கு சார்?"

அவர் முகம் மலர்ந்தது. "எல்லாத்துக்கும் ஒரு மாசம் ஓய்வு குடுத்துட்டேன். அவர் கைக்குப் பழகினதுங்க, புது ஆள் தொட்டா மிரளுது. அன்னைக்கே உத்தரவு போட்டாச்சு."

"எந்தப் படிவத்துல சார்?"

"படிவம் எதுக்கும்மா? முடியலன்னு அதுங்களைப் பார்த்தாலே தெரியுதே."

என் கணவரை ஆறு தடவை பார்த்த கண்கள் அவை.