நாக்கு மேஸ்திரி

எங்கள் திண்டுக்கல் லாரிகள் டீசலில் ஓடின என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிள்ளைகளே. அவை நாக்கு மேஸ்திரியின் நாக்கில்தான் ஓடின. லாரி ஓட்டியவன் சொல்கிறேன்.

நத்தம் ரோட்டில் லாரிகளுக்கு வயரிங் பார்த்தவர் அவர். மீட்டர் கீட்டர் எதுவும் கிடையாது. இரண்டு கம்பிகளை நாக்கில் வைப்பார். புளித்தால் கரண்ட் வருகிறது, சப்பென்று இருந்தால் வரவில்லை. (நீங்கள் செய்து பார்த்தால் முதுகுத்தோல் உரியும்.) வேலை முடியும்வரை வெற்றிலை, சோற்றுக்கு வெஞ்சனம் எதையும் தொடமாட்டார். ருசி கெட்டுவிடுமாம். ஒருநாள் அவர் வீட்டில் ரசத்துக்குப் புளிப்புப் பார்க்கச் சொன்னார்களாம். “பன்னெண்டு வோல்ட்டு இருக்கு, எறக்கு” என்றாராம்.

ஒரு ஆயுத பூஜைக்கு எங்கள் ஷெட்டில் எல்லோரும் சேர்ந்து லாரிக்குப் பெயின்ட் அடித்தோம். பல லட்சம் மைல் ஓடிய கிழட்டு வண்டி. அடிப்பக்கம் என் பங்கு. பேட்டரியையும் அதன் கம்பிகளையும் கழற்றிவிட்டு, பாசத்தில் இரண்டு கோட்டு சிவப்பு அடித்து மறுபடி மாட்டினேன். மறுநாள் செல்ப் அடித்தால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. ஹாரன் அடித்தால் விளக்கு மங்கியது. ஒருவர் டைனமோ போச்சு என்றார். இன்னொருவர் செல்ப் மோட்டார் என்றார்.

முதலாளிக்கு வெறுத்துவிட்டது. “சாயங்காலம் பழைய இரும்புக்குப் போட்டுர்றேன். நீ வேற எடம் பாத்துக்க அப்பு.”

உங்கள் அக்கா அப்போது கைக்குழந்தை. மேஸ்திரியிடம் ஓடினேன்.

வந்தவர் முதலில் வாய் கொப்பளித்தார். பேட்டரியின் இரு முனைகளிலும் கம்பி வைத்து நாக்கில் ஒட்டினார். “ஏலே, செல்ப் அடி!”

அடித்தேன்.

“புளிக்குது. பேட்டரி தங்கம்.”

நாக்குக் கம்பி ஒன்றைப் பேட்டரியிலிருந்து எடுத்து லாரியின் சேசிஸ் இரும்பில் வைத்தார். “இப்ப அடி!”

அடித்தேன். அவர் முகம் கோணியது. “போச்சு!”

“ஐயோ, எது போச்சு?” என்று முதலாளி பதறினார்.

“புளிப்புப் போச்சு. பேட்டரியிலேர்ந்து சேசிஸுக்குப் போற எர்த்துக் கம்பிக்குப் பெயின்ட்ல மெத்தை விரிச்சிருக்கு. இரும்பத் தொட்டாத்தானே கரண்டு போகும்?”

அந்தக் கம்பியை முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை கத்தியால் சுரண்டி முடுக்கினார். செத்த நேர வேலைதான். செல்ப் அடித்தேன். கிழட்டு வண்டி உறுமிய உறுமலில் ஷெட்டுக் கூரையில் இருந்த காக்கைகள் வடமதுரை வரை பறந்திருக்கும்!

“அந்த எடத்துல எந்தக் கூறுகெட்ட பய பெயின்ட் அடிச்சது?” முதலாளி எங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“யாரும் அடிக்கல மொதலாளி. பழைய வண்டி, தோலு தடிச்சிருச்சு” என்றார் மேஸ்திரி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

சொல்லிக்கொண்டே மண்ணெண்ணெய்த் துணியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். என் நகக்கண் பத்தும் சிவப்பாக இருந்தன.